ஒன்று நான்கு இரண்டு எட்டு ஐந்து ஏழு

பக்கவாதம் வந்து மூன்று மாதமாகியும் பதியுதீனின் வாயில் மிஞ்சியிருந்த ஒரே சொல் ‘இல்ல’. தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல, நோகுதா என்றாலும் இல்ல, பள்ளிவாசல் பக்கமிருந்து யாராவது ஸலாம் சொன்னாலும் இல்ல. தில்லையடியில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் கதிரையில் அப்படிக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க, சித்தி லெய்லா என்ற அவர் மனைவிக்குள் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டு வந்தது. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பதியுதீனின் மூத்த சகோதரர் ஜவ்பர் வந்தார். வகுப்பு நடந்த கொட்டிலில் பிள்ளைகள் உட்கார்ந்த வாங்குகளை எட்டிப் பார்த்துவிட்டு, தம்பியின் காதுபடவே சொன்னார்.

“வாங்கெல்லாம் சும்மா கிடந்து கறையான் தின்னுது புள்ள. மதரசாவுக்குக் குடுத்திருவம். இனி அவனுக்கு ஒண்டும் விளங்காது.”

“யோசிச்சுச் சொல்றன் நானா.”

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியவள் திடுக்கிட்டாள். அவளிடம் தைக்க வந்து, வெட்டுவதற்காக மேசையில் விரித்திருந்த கறுப்பு அபாயாத் துணியில், தையல் சோக்கை இடது கையால் பிடித்து, பதியுதீன் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: 142857.

“என்னங்க இது, ஆக்கள்ட துணி!”

அவர் நிறுத்தவில்லை. கீழே ஒரு பெருக்கல் குறி, ஒரு 2. பிறகு சோக்கை அவள் பக்கம் தள்ளினார்.

சாதாரண தரப் பரீட்சையோடு கணக்கைக் கைகழுவியவள் அவள். மனமில்லாமல் பெருக்கினாள். 285714. அதே ஆறு இலக்கங்கள்! மூன்றால் பெருக்கினாள். 428571. வரிசைகூடக் குலையவில்லை, முன்னால் நின்றது பின்னால் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான். அவசர அவசரமாக நான்கால் பெருக்கி 561428 என்று எழுதினாள்.

“இல்ல,” என்றார் பதியுதீன். அவர் விரல் அந்த ஆறின்மேல் இருந்தது.

மேலே கொண்டுபோய்க் கூட்ட வேண்டிய ஒன்றை அவள் மறந்திருந்தாள். ஆறை அழித்து ஏழாக்கினாள். கண் மங்கியது.

“இப்ப சரியா?”

அவர் விரலை எடுத்தார். மூன்று மாதத்தில் முதன்முறையாக அந்தச் சொல் வரவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் வரிசை அப்படியே சுழன்றது. ஏழால் பெருக்கினாள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது... ஆறு இலக்கமும் ஒன்பது.

“சுப்ஹானல்லாஹ்! மத்ததெல்லாம் எங்க போச்சு?”

அவர் சோக்கை வாங்கி 8 என்று எழுதிக் கொடுத்தார். 1142856 வந்தது. ஏழு இலக்கம், குலைந்துவிட்டது என்று நினைத்தாள். அவரோ முன்னாலிருந்த ஒன்றிலிருந்து கடைசி ஆறுவரை வில்லாக ஒரு கோடு இழுத்தார். அந்த ஒன்றை எடுத்து ஆறோடு கூட்டினாள்.

142857.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் பார்க்காதபோதும், யாரும் பிறக்குமுன்னும் இந்த எண் இப்படித்தான் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. அதை அறிந்த ஒரு மனிதர், வாய் அடைபட்டு, அவளுக்கு எதிரேதான் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தார்.

துணியில் இனி இடமில்லை. பதியுதீன் மேசைப் பலகையில் 9 என்று எழுதிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.