குரல் நின்றால் சுமை நிற்கும்

எனக்கு வேலை உயரத்தில். கோபுரக் கிரேனின் உச்சியில், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கேபினில். அங்கே மின்விசிறி இருக்கிறது, வானம் இருக்கிறது, காலுக்கடியில் ஊரே இருக்கிறது. கழிப்பறைதான் இல்லை. போக வேண்டுமென்றால் ஏணி வழியாகத் தரை வரை இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அதற்குள் கீழே கான்கிரீட் இறுகிவிடும், இன்ஜினியரின் முகமும்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. வந்தது போகவே இல்லை. அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு வலி. போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும், ஏணியில் பாதி ஏறுவதற்குள் திரும்பிவிடும். கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள். பரிசோதித்தால் கிருமியே இல்லை. உள்ளே கேமரா விட்டுப் பார்த்த பெரிய டாக்டர், "எல்லாம் நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக இருக்கிற சிறுநீர்ப்பை எதற்கய்யா இப்படி எரிகிறது?

என் அக்காவிடம் உலகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. "உனக்கு உடம்புல சூடுடி. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு தினமும் குடி" என்றாள். குடித்தேன். உயிர் போய் உயிர் வந்தது. பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். குடித்தால்தானே இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

இன்ஜினியர் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நீங்க அடிக்கடி இறங்கினா மொத்த வேலையும் நிக்குதும்மா. இந்த மாடி முடியறவரைக்கும் பாக்கலாம். சரியாகலேன்னா கீழ ஸ்டோருக்கு வந்துடுங்க. மேல வேற ஆளைப் போட்டுடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டியாவது தீர்த்திருப்பேன். 'பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குக் கிரேன்' என்று சிரித்த சொந்தக்காரர்கள் வாயை அடைத்துவிட்டு நான் ஏறிய கேபின் அது. ஸ்டோரில் உட்கார்ந்து ஆணிக்குக் காவல் இருக்கவா அவ்வளவு உயரம் ஏறினேன்?

புதிய கிளினிக்கைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். "ஒரே இடத்துல மாத்திரை, சாப்பாடு, பயிற்சி எல்லாம் சேர்த்துப் பாக்கறாங்களாம். கணுக்கால்ல ஊசிகூடக் குத்துவாங்களாம்."

"வலி எங்க இருக்கு, ஊசி எங்க குத்தறாங்க?"

"அதை என்னைக் கேட்டா? போய் அவங்களைக் கேளு."

அந்த ஒரு கேள்விக்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம். அங்கிருந்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "கணுக்கால் நரம்பும் சிறுநீர்ப்பை நரம்பும் முதுகெலும்புல ஒரே இடத்துல போய்ச் சேருது. அங்க தட்டினா இங்க சிலருக்கு அடங்குது. எல்லாருக்கும் இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்து, "கிருமி இல்லேன்னா வலி இல்லேன்னு அர்த்தமில்ல. உங்க வலி நிஜம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பை எரிந்தால் நரம்பு கத்துமாம். நரம்பு கத்தினால் இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி பையைத் தாங்கும் தசைகள் இறுகுமாம். அவை இறுகினால் பை இன்னும் எரியுமாம்.

"இதுல முதல்ல ஆரம்பிச்சது யாரு டாக்டர்?"

"தெரியாது. சேர்ந்துதான் தேடணும்."

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர். நம்பலாம் என்று தோன்றியது.

தேடினோம். நரம்பை அமைதிப்படுத்த ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்கச் சொன்னார்கள். காப்பி, எலுமிச்சை, மிளகாய், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து வேடிக்கை பார்த்தோம். எனக்கு இது பிடித்துப்போனது. தக்காளி நிரபராதி. காப்பி குற்றவாளி. எலுமிச்சை பெரிய குற்றவாளி. இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. கணுக்கால் ஊசி செய்ததா, மாத்திரை செய்ததா என்று தெரியவில்லை, பாதி வலி குறைந்தது. மீதிப் பாதி கேபினில் எனக்காகக் காத்திருந்தது. வீட்டைவிட அங்கே ஏன் கூடுகிறது? நாற்காலியை மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை.

அதைக் கண்டுபிடிக்கத்தான் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் என்னைப் படுக்கவைத்து, ஒட்டும் வில்லைகளை ஒட்டி, திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். தசை இறுகினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும்.

"மூச்சை விடுங்க. அடித்தசை தளர்றதா நெனைச்சுக்கோங்க. மெதுவா... இன்னும் மெதுவா... அப்படித்தான்..."

கோடு அழகாக இறங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது. அவள் திரையைக் கவனிப்பதற்காகப் பேச்சை நிறுத்தினாள். கோடு விருட்டென்று உச்சிக்குப் போனது. மறுபடி பேசினாள், இறங்கியது. நிறுத்தினாள், ஏறியது.

"என்னங்க இது, நான் வாயை மூடினா நீங்க இறுகிப்போறீங்க?"

முதலில் சிரித்தேன். பிறகு எனக்குப் புரிந்தது.

என் சிக்னல்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ அண்ணன். கட்டடத்துக்குப் பின்னால், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுமையை இறக்கும்போது அவர் வாக்கி டாக்கியில் "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் குரல் நின்றால் நான் நிறுத்திவிட வேண்டும். பேட்டரி தீர்ந்ததா, அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதா என்றெல்லாம் யோசிக்கக் கூடாது. குரல் இல்லை என்றால் அசைவு இல்லை. கீழே மனிதர்கள் நிற்கிறார்கள்.

இதைச் சொன்னதும் அவள் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள். "அப்ப உங்க கை மட்டுமா நிக்குது?"

யோசித்துப் பார்த்தேன். கை நிற்கும். தாடை இறுகும். மூச்சு நிற்கும். தொடை, வயிறு, அந்தத் தொட்டில் எல்லாமே கல்லாகும்.

"சரி, வேலை முடிஞ்சதும்? வீட்டுல யாரு உங்களுக்கு 'இறக்கு'ன்னு சொல்றாங்க?"

யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லாத நேரமெல்லாம் நான் சுமையைத் தொங்கவிட்டபடியே இருந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே பரிதாபமாக இருந்தது.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. விடுமுறை மதியங்களில் நான் கண்ணை மூடிப் படுப்பேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து "இறக்கு, இறக்கு" என்று சொல்ல வேண்டும், நடுநடுவே நிறுத்த வேண்டும். குரல் நின்றபின்னும் நான் தளர வேண்டும். அவர் பெரும்பாலும் பாதியில் தூங்கிவிடுவார். குறட்டையும் ஒரு சிக்னல்தான் என்று பிசியோ பெண்ணிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாடி முடிகிற அன்று கடைசிச் சுமை ஒரு தண்ணீர்த் தொட்டி. கட்டடத்தின் பின்பக்கம் இறக்க வேண்டும். இன்ஜினியரும் கீழே வந்து நின்றிருந்தார். காலையிலிருந்து நான் இறங்கியது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

"இறக்கு, இறக்கு, இறக்கு, இற..."

குரல் நின்றது.

என் கை நின்றது. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு உயரத்தில் தொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த நொடியில்தான் அடிவயிற்றில் பிழியத் தொடங்கும். காத்திருந்தேன். மூச்சு தானாக வெளியே போனது. தாடை தளர்ந்தது. இடுப்புக்கு அடியில் அந்தத் தசைத் தொட்டில், யாரும் சொல்லாமலே, மெல்ல இறங்கிக் கொடுத்தது. வலி ஓரமாக இருக்கத்தான் செய்தது, ஆனால் வளரவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "பேட்டரி போச்சும்மா! மாத்திட்டேன். இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே."

ரேடியோ அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் இன்ஜினியர் நின்றிருக்க வேண்டும். "என்னம்மா, நீ இறங்கணுமா?"

"நான் இல்ல அண்ணே. தொட்டியை இறக்கலாம், சொல்லுங்க."