இடது காது

பூட்ஸின் ஜிப் கணுக்காலைத் தாண்டி ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. சின்னவள் கட்டிலின் கால்மாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது. பூட்ஸோ, அக்கா ஒல்லிக்குச்சியாக இருந்த காலத்தில் வாங்கியது. இரண்டு தடவை அடித்தோல் மாற்றியாயிற்று. ஜிப்பை மட்டும் மாற்ற விடவே மாட்டேன் என்றிருந்தாள்.

"மெழுகுவத்தி இருந்தா தேய்ச்சுப் பாருங்க சித்தி," என்றாள் அக்காவின் மகள். தலைமாட்டில் நின்று அம்மாவின் நரைத்த முடியைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"மெழுகும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த ஜிப்போட சண்டை போடாம உங்கம்மா ஒரு நாளாவது மேடை ஏறியிருக்காளா? இன்னிக்கு மட்டும் சமத்தா ஏறிடுமாக்கும்."

"பேசாம செருப்பு போட்டு அனுப்பிடலாம்."

"செருப்பா? எழுந்து வந்து என்னை உதைப்பா."

மகள் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, நேற்றிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"நர்ஸ் சொன்னாங்க சித்தி. அம்மா கடைசியா உங்க காதுல ஏதோ சொன்னாங்களாமே. என்ன சொன்னாங்க?"

அப்போது பார்த்து ஜிப் சரக்கென்று மேலே ஏறிவிட்டது.

"இன்னொரு காலையும் முடிச்சிடுவோம், அப்புறம் சொல்றேன்," என்றாள் சின்னவள். நிமிராமல் அடுத்த பூட்ஸை எடுத்தாள்.

பெரியவளுக்கு ஊர் வைத்த பெயர் இடி. எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையின் நட்டநடுவில் நின்ற முதல் பொம்பளை அந்தப் பக்கத்தில் அவள்தான். அதுவரைக்கும் பெண்கள் பாடினார்கள், ஆடினார்கள். கிட்டார் என்னவோ ஆம்பளைகளுக்கென்றே பிறந்தது போல அவர்கள் கையிலேயே கிடந்தது. முதல் கச்சேரி ஒரு நூல் மில்லின் ஆண்டு விழா. மேனேஜர் ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார்: "நீ பாடும்மா, போதும். அந்த வாத்தியத்தைத் தம்பிங்க யார்கிட்டயாவது குடுத்துடு."

"குடுத்துட்டு நான் கையை எங்க சார் வெச்சுக்க?" என்று கேட்டாள் இடி.

முதல் பாட்டுக்குக் காலி பாட்டில் பறந்து வந்தது. இரண்டாவது பாட்டின்போது கம்பி அறுந்தது. மிச்சமிருந்த கம்பிகளை வைத்துக்கொண்டே அவள் மூன்றாவது பாட்டை ஆரம்பித்தபோது, பின்வரிசையில் உட்காரவைத்திருந்த மில் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து மேடைக்கு முன்னால் நின்றார்கள். திரும்பிப் போய் உட்காரச் சொல்ல அன்றைக்கு ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

சின்னவள் அப்போது ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். அன்று லீவு போட்டுவிட்டு அக்காவுக்குப் பை தூக்கத்தான் போனாள். போனவள் போனவள்தான், திரும்பவே இல்லை. வேன் ஓட்டினாள், கம்பி மாற்றினாள், குடித்துவிட்டு மேடை ஏற வந்தவர்களைக் காலரைப் பிடித்து இறக்கினாள். மேடையின் ஓரத்தில், ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், இன்னொரு கிட்டாரைத் தயாராக ஏந்திக்கொண்டு நிற்பது அவள் இடம். அந்த ஸ்பீக்கர் அவளுடைய இடது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது. காது டாக்டர் திட்டோ திட்டென்று திட்டினார். "நல்லபடியா செலவழிஞ்ச காது டாக்டர் அது, விடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அந்த ஆபீஸ் நாற்காலியில் இரண்டு காதோடு உட்கார்ந்திருந்தால் என்னத்தைக் கேட்டிருப்போம் என்று பல தடவை யோசித்திருக்கிறாள்.

நேற்றுக் காலையில், ஆஸ்பத்திரியில், அக்கா கண்ணைத் திறந்தாள். விரலை அசைத்துக் கூப்பிட்டாள். சின்னவள் குனிந்ததும், கன்னத்தில் உள்ளங்கையை வைத்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, காதில் ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். மூச்சின் சூடு காதில் பட்டது. சத்தம் மட்டும் துளிக்கூட வரவில்லை. அது இடது காது.

சின்னவள் தலையாட்டினாள். கொஞ்சம் தெம்பு வரட்டும், வலது காதைக் காட்டி மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். மகள் ரயிலிலிருந்து இறங்கி ஓடி வந்தபோது முகம் வரைக்கும் துணி இழுத்து மூடியிருந்தார்கள்.

வீட்டில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ரேடியோவிலிருந்து வந்த பெண் மைக்கை நீட்டி, "அவங்களோட கடைசி வார்த்தை என்னங்க?" என்றாள். "அது எங்க வீட்டு விஷயம்மா, காபி குடி," என்று சின்னவள் டம்ளரை நீட்டினாள். அவளை அப்படிச் சமாளித்துவிடலாம். மகளை என்ன செய்ய?

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது டிரம்ஸ்காரர் வந்து பக்கத்தில் நின்று துடைக்க ஆரம்பித்தார். முதல் கச்சேரியிலிருந்து கூட இருந்தவர். வலது பக்கமாகப் பார்த்துத்தான் வந்து நின்றார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"கேக்கவே இல்லையா?"

"கேக்கல அண்ணே. சாகப் போற நேரத்துல அவளுக்கு எந்தக் காதுன்னு ஞாபகம் இல்ல. நானாவது திருப்பிக் காட்டியிருக்கணும்ல? மரம் மாதிரி தலையாட்டிக்கிட்டு நின்னேன்."

"சரி விடு. 'உம்மேல உசிரையே வெச்சிருந்தேன்'னு உங்கம்மா சொன்னான்னு புள்ளகிட்ட சொல்லிடு. அதென்ன பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அவ அப்படிப் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா அண்ணே?"

டிரம்ஸ்காரர் யோசித்தார். "என்னைப் பாத்து, 'நீ வாசிக்கிறியா, பாத்திரம் தேய்க்கிறியா'ன்னுதான் கேட்டிருக்கா," என்றார். அப்புறம் கையிலிருந்த டம்ளரை ரொம்ப நேரம் துடைத்தார்.

அவர் போன பிறகு சின்னவள் குழாயடியில் நின்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். 'நீதான் என் உலகம்னு சொன்னா.' சினிமா மாதிரி இருந்தது. 'உன்னை ஹாஸ்டல்ல விட்டதுக்கு மன்னிச்சிடச் சொன்னா.' அக்கா அதற்காக ராத்திரி ராத்திரியாக வேனில் முழித்துக்கொண்டு வந்தது உண்மை. ஆனாலும் அக்கா வாயில் தன் வார்த்தையைத் திணிப்பதா? குடுத்துட்டு கையை எங்க வெச்சுக்க என்று கேட்டவளின் வாயில்?

"சித்தி."

மகள் வாசற்படியில் நின்றாள். பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்கவைப்பதே தொழில். "ரெண்டு காலும் முடிஞ்சிடுச்சு. இப்ப சொல்லுங்க."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கலடி கண்ணு. இடது காதுல சொல்லிட்டா."

குழாய் சொட்டியது. சின்னவள் அதைத் திருகி மூடினாள்.

"உன்னைப் பத்தித்தான் சொல்லியிருப்பா. எனக்கு என்ன சொன்னான்னு தெரிஞ்சா உங்கிட்ட மறைப்பேனா? தப்பு என்மேலதான். அவதான் தெரியாம..."

"அம்மாவுக்கா தெரியாது?"

"என்னது?"

"எந்தக் காதுன்னு. வீட்டுல எப்பவும் சுத்திக்கிட்டு உங்க வலது பக்கம்தானே வருவாங்க. சோபாவுல நான் அந்தப் பக்கம் உக்காந்தாக்கூட, நகரு நகருன்னு விரட்டுவாங்க." மகள் அருகில் வந்தாள். "மேடையிலதான் இடது காது. லீவுல வர்றப்பல்லாம் நான் டிரம் பெட்டி மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன் சித்தி. மைக்குக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வருவாங்க. கன்னத்துல கை வெச்சுத் திருப்பி ஏதோ சொல்வாங்க. நீங்க தலையாட்டுவீங்க. அப்புறம்தான் போவாங்க."

"அப்பவும் எனக்கு ஒரு எழவும் கேட்டதில்லடி. உங்க டிரம்ஸ் மாமா அதுக்குள்ள டமடமன்னு ஆரம்பிச்சிருப்பாரு. ஒரு தடவை வேன்ல வெச்சுக் கேட்டேன், தினமும் என்னதான் சொல்றேன்னு. 'நீதான் தலையாட்டிட்டியே, அப்புறம் என்ன?'ன்னுட்டா."

"எதுக்கு ஆட்டுவீங்க?"

"அவ முகத்தைப் பாத்தா ஆட்டத்தான் தோணும். வெளியில பாத்தவங்களுக்கு அவ இடி. மைக்குக்குப் போற வரைக்கும் கை ஜில்லுன்னு இருக்கும், அது எனக்குத்தான் தெரியும்."

மகள் சித்தியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தலையாட்டிட்டா, இன்னிக்கு எல்லாம் நல்லா நடக்கும்னு நான் பெட்டி மேலயே படுத்துத் தூங்கிடுவேன்." கையை விடாமலே கேட்டாள், "நேத்தும் ஆட்டினீங்களா?"

"ஆட்டினேன்."

"அப்புறம்?"

"போயிட்டா."

வெளியே யாரோ, வண்டி வந்தாயிற்று என்று குரல் கொடுத்தார்கள்.

வாசலுக்கு வந்த சின்னவள் திகைத்துப்போனாள். தெருவை அடைத்துக்கொண்டு பெண்கள். பள்ளிக்கூடச் சீருடையில் இரண்டு பேர், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, முடியைப் பச்சையாக்கிக்கொண்டு ஒருத்தி. எல்லார் முதுகிலும் கிட்டார். யாரும் வாசிக்கவில்லை, பாடவில்லை. மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள், அவ்வளவுதான். அக்காவை வெளியே கொண்டுவந்தபோது வழி விட்டார்கள். அப்புறம் தாங்களே தோள் கொடுக்க வந்தார்கள். டிரம்ஸ்காரர் தன் இடத்தைப் பச்சை முடிக்காரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

தெருமுனையில் நின்ற வண்டிக்குப் பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. கூட்டம் கலைந்து கூரைக்கு ஓடும் என்று பார்த்தால், அந்தப் பெண்கள் முதுகிலிருந்த உறைகளைச் சடசடவென்று உருவி அக்காவின் மேல் விரித்தார்கள். நீலம், கறுப்பு, பூப் போட்டது ஒன்று. அக்காவின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கிட்டார்கள் எல்லாம் வெறும் உடம்போடு நனைந்தன.

அக்காவை வண்டியில் ஏற்றினார்கள். டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, "ஏறுங்கம்மா, போலாம்," என்றார்.

சின்னவள் ஒரு காலைப் படியில் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, என்னடி இப்படி நிக்கிறீங்க! கிட்டார் மரம் ஊறிடுச்சுன்னா கழுத்து வளைஞ்சு போகும்டி, அப்புறம் எந்த ஜென்மத்துல சுருதி சேர்ப்பீங்க? எல்லாரும் வீட்டுக்குள்ள வாங்க. கிட்டாரைச் சாய்க்காதீங்க, நிமிர்த்திப் பிடிங்க!"

"சித்தி, வண்டி நிக்குது."

"நிக்கட்டும். ஒண்ணொண்ணும் எத்தனை நாள் சேர்த்து வாங்கினதோ!" சின்னவள் வீட்டுக்குள் ஓடினாள். பீரோவைத் திறந்து இருந்த துண்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சின்னவள் முதல் கிட்டாரை மடியில் வாங்கி, கம்பிக்கு அடியில் துண்டை விட்டுத் துடைத்தாள். எதிரில் மகள், பல் டாக்டரின் மெல்லிய விரல்களால் கம்பியை முறுக்கும் ஆணிகளின் இடுக்கில் தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே இன்ஜின் சத்தம் நின்றது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தனக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.