களத்துப் பங்கு

ராகிக் குழி எளிமையான ஏற்பாடு. மண்ணைப் பானை வடிவில் தோண்டி, சுவரோரம் வைக்கோல் அடைத்து, ராகியைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மெழுகிவிட வேண்டும். உள்ளே தானியம் மூச்சு விடும். நல்ல காற்றைத் தின்று கெட்ட காற்றை வெளிவிடும். அந்தக் காற்றில் வண்டும் புழுவும் செத்துப்போகும், ராகி வருஷக்கணக்கில் கெடாது. மனிதனும் அதில் சாவான். அதனால் குழியைத் திறந்து ஆறவிட்டு, விளக்கை இறக்கிப் பார்த்த பிறகுதான் ஆளை இறக்குவார்கள்.

வருவாய் அதிகாரியான ஷேக்தார் பசவராஜுக்கும் இது தெரியும். தெரிந்துதான் விவசாயி மல்லப்பனின் இடுப்பில் கயிறு கட்டச் சொன்னார்.

அது யுத்த காலம். நகரத்து ரேஷனுக்காக விளைச்சலில் ஒரு பகுதியைச் சர்க்கார் லெவி என்ற கட்டாயக் கொள்முதலாக எடுத்துக்கொண்டிருந்தது. மைசூரில் எம்.ஏ. பொருளாதாரம் படித்த தமிழன் எலியேசர் தன் ஆய்வுக்கு இந்தக் கன்னட ஊரைத் தேர்ந்தெடுத்து, மல்லப்பன் வீட்டில் தங்கியிருந்தான். விளைந்ததில் சாப்பிட்டது, விதை, விற்றது எல்லாம் கழித்தும் மீதி வந்தது. அது குழிகளில் பதுங்கியிருக்கிறது என்று எழுதினான். மல்லப்பன் வீட்டுக்கு மட்டும் இரண்டு குழி இருக்க வேண்டும். அந்தக் கட்டுரை ஷேக்தார் கைக்குப் போனது. வழிகாட்ட எலியேசரையும் கூட்டி வந்திருந்தார்.

சேவகர்கள் கடப்பாரையால் முற்றத்தைக் குத்தி ஒரு குழியைக் கண்டுபிடித்தார்கள். இன்னொன்றுக்காக மல்லப்பனின் பல்லை உடைத்தார்கள்.

"ரெண்டாவது எங்கடா?"

மல்லப்பன் ரத்தத்தைத் துப்பினார். "இல்லீங்க சாமி. இருந்தா பல்லு போறதுக்கு முன்னாலயே சொல்லியிருப்பனுங்க."

"இருக்குன்னு உங்க தமிழ்ப் பையனே கணக்குப் போட்டிருக்கான். அவன் எம்.ஏ., நீ கைநாட்டு. யாரை நம்பட்டும்?"

கூட்டத்திலிருந்து சலவைக்காரி சித்தம்மா குரல் கொடுத்தாள். "களத்துலயே எங்களுக்கு அளந்துட்டாருங்க. எனக்கு, கொல்லனுக்கு, நாவிதனுக்கு, காவக்காரனுக்கு. மிச்சந்தான் வீட்டுக்கே வந்துதுங்க."

எலியேசர் மனசுக்குள் கணக்கை மறுபடி போட்டான். வருஷம் முழுக்கச் செய்த வேலைக்குக் கூலி, போரடித்த களத்திலேயே தானியமாகப் போய்விடுகிறது. விற்றதில் அது சேராது, வீட்டில் சாப்பிட்டதிலும் சேராது. கூலி என்றால் காசு என்றே அவன் படித்திருந்தான். கேட்கத் தோன்றவில்லை.

"சார், நிறுத்துங்க. என் கணக்குத் தப்பு. களத்துப் பங்கை நான் கழிக்கலை. ரெண்டாவது குழியே கிடையாது."

"உன் ஆளு அடி வாங்கினதும் கணக்கு மாறிடுச்சா?" ஷேக்தார் சேவகனைப் பார்த்தார். "இறக்கு."

ஆறவிடாத அந்தக் குழியில் கழுத்து மறையும்வரை மல்லப்பன் கல் விளிம்பைப் பிடித்திருந்தார். சேவகன் விரல்களை மிதித்தான். கயிறு சரசரவென்று ஓடித் தொய்ந்தது.

எலியேசர் பாய்ந்தான். லத்தி அவன் முகத்தில் விழுந்தது. மூக்கு உடைந்தும் ஊர்ந்து போய்க் கயிற்றைப் பிடித்தான். அதற்குள் ஊர் புகுந்துவிட்டது. ஒரு சேவகனின் தலையில் உலக்கை இறங்கியது. கொல்லன் ஷேக்தாரை மண்ணில் அமுக்கி, அவர் கை முறியும்வரை முறுக்கினான்.

மல்லப்பனை மேலே இழுத்தபோது உதடு நீலமாகியிருந்தது. வாய் நிறைய ராகி. மனைவி மாதேவி அதை விரலால் தோண்டி எடுத்தாள், நெஞ்சில் காது வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு, அலறிக்கொண்டிருந்த ஷேக்தாரைக் கடந்து, எலியேசரிடம் வந்தாள்.

"என் வீட்டுல உக்காந்து களி தின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டியே, தம்பி. இதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

அவள் ஓங்கினாள். அவன் தடுக்கக் கையைத் தூக்கவில்லை.