முதல் மேசை

குளோரியின் இடது சுட்டுவிரலில் மஞ்சள் நூல் இறுகிக் கிடந்தது. குளிப்பாட்ட வந்த பெண்கள் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம் என்றார்கள். சுஜா சம்மதிக்கவில்லை. விறைத்துப்போன அந்தக் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, நூலின் நுனியைத் தேடித் தேடி அவிழ்த்தாள். நூல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து, அது நிறையாமல் அப்படியே நின்றது.

"எதுக்கு ஏட்டி இப்பிடிக் கெடந்து பாடுபடுக? வெட்டித் தள்ளு," என்றாள் பக்கத்து வீட்டுத் தேவகனி.

"நூல வெட்டினா மைனிக்குப் பிடிக்காது."

சொன்ன பிறகுதான் அது அசட்டுத்தனமாகப் பட்டது. ஆனால் உண்மை அதுதான். கணவனின் அக்காளான குளோரிக்கு நூலை வெட்டுவது ஆகாது. பின்னல் தப்பிப் போனால் முழுவதையும் பிரித்து, வெந்நீரில் நனைத்து, நாற்காலிக் கால்களில் சுற்றிச் சுருக்கம் எடுத்து மறுபடியும் பின்னுவாள். புதுக்கடையில் இந்த வீட்டுக்குச் சுஜா மருமகளாக வந்தபோதே மைனி கல்யாணம் வேண்டாமென்று இருந்தவள். குரோஷா ஊசியால் பச்சைப் பிள்ளைகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னி, கோயில் பண்டிகைகளிலும், பள்ளிக்கூட விழாக்களிலும், மார்த்தாண்டத்தில் பெண்கள் கூட்டமைப்பு நடத்தும் கைவினை விற்பனையிலும் மேசை போட்டு விற்பாள். பிள்ளை பெறாதவள் பின்னின தொப்பியா என்று ஒருத்தி ஒருமுறை முகத்தைச் சுளித்தபோது, "முட்ட விக்கியவன் முட்ட இட்டுட்டா விக்கியான்?" என்று கேட்டாளாம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு தொப்பி வாங்கிப் போனாள்.

அன்று காலையும் அந்த மார்த்தாண்டம் விற்பனைக்குத்தான் போயிருந்தாள். மதியம் ஆம்புலன்சில் வந்தாள். மாரடைப்பு என்றும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றும் சொன்னார்கள். நூல் விரலிலேயே இருந்திருக்கிறதென்றால், நெஞ்சு வெடிக்கும் மட்டும் இவள் பின்னிக்கொண்டா இருந்தாள்? சுஜாவுக்கு அந்த இடத்தைத் தாண்டி நினைக்க முடியவில்லை.

மறுநாள் காலை கூட்டமைப்பின் வேன் வந்து வாசலில் நின்றது. மேசை போடும் பெண்கள் இறங்கினார்கள். தலைவி சொர்ணம்மாள் டீச்சர் மலர்வளையத்தோடு இறங்கினார். அவர்கள் கூடவே ஒரு பேனரும் கொண்டுவந்திருந்தார்கள். வேன் டிரைவர் அதை முற்றத்துத் தென்னைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டினார். கண்ணீர் அஞ்சலி. மேலே கூட்டமைப்பின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. குளோரியின் பெயர் அதற்குக் கீழே, சின்னதாக.

நேற்று விற்பனையைத் திறந்துவைத்த சிறப்பு விருந்தினர் முதல் மேசையில் நின்றபோது எடுத்த படத்தைத்தான் பேனரில் போட்டிருந்தார்கள். விருந்தினரை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் ஓரத்தில் தங்க வாட்ச் கட்டிய ஒரு கை மட்டும் தொப்பி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. குளோரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சிரிச்ச மொகம்," என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

சுஜா பேனருக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தாள். மைனியின் நெற்றிமுடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. இடது முழங்கை விலாவோடு இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சிரிப்பைச் சுஜா ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கடைவாய்ப்பல் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போனபோது, வலிக்கிறதா என்று கேட்ட டாக்டரிடம் இல்லை என்று மைனி சிரித்த சிரிப்பு. அதை இவர்கள் தேடிப் பிடித்துப் பெரிதாக்கி, அச்சடித்துக் கொண்டுவந்து வாசலில் கட்டியிருக்கிறார்கள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மென்மையான கை. குளோரி பாக்கியவதி என்றார். கொஞ்சம்கூடக் கிடந்து சீரழியாமல், பிடித்த வேலையைச் செய்துகொண்டே போகிறதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

"டீச்சர், மைனிக்கு அங்க வந்த ஒடனே சொகமில்லாம இருந்தோ?"

"இல்லியே மக்கா. சிரிச்சிட்டேல்லா இருந்தா."

சொல்லிவிட்டு டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். சரியாகவே இருந்த சேலை மடிப்பை மறுபடியும் சரிசெய்தார்.

சுஜா அடுக்களைக்குப் பின்னால் போனாள். துவைகல்லுக்குப் பக்கத்தில் மெஹ்ருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். தேங்காப்பட்டணத்துக்காரி. சிப்பியில் மாலையும் விளக்கும் செய்கிறவள். எந்த விற்பனையானாலும் குளோரியின் மேசைக்கு அடுத்தது அவளுடைய மேசைதான். மத்தியானச் சோற்றை இருவரும் ஒரே டிபன் மூடியில் வைத்துத்தான் தின்பார்கள். குடிக்க வெள்ளம் வேண்டும் என்று கேட்டாள். கொடுத்ததைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"மக்கா, ஒனக்க கிட்ட பறயாம எனக்கு வீட்டுக்குப் போவ முடியாது," என்றாள்.

போன கிறிஸ்துமஸ் விற்பனையில் யாரோ திருப்பூர் சரக்கை வாங்கிவந்து கைவேலை என்று வைத்துவிட்டார்கள். அதிலிருந்து கூட்டமைப்பு ஒரு சட்டம் வைத்தது. பொருளைச் செய்தவளே மேசையில் இருக்க வேண்டும். விருந்தினர் வந்து பார்த்து முடிக்கிற மட்டும் கையில் வேலையோடு இருக்க வேண்டும். எழுந்து போனால் அந்த மேசை அடுத்தவளுக்கு. இதெல்லாம் சுஜாவுக்கும் தெரியும். சட்டம் வந்த அன்று மைனி அதை மெச்சிக்கூடப் பேசினாள். நம்ம கைக்கு அப்போதான் மரியாதை என்றாள்.

நேற்று மேசையை விரித்துக்கொண்டிருக்கும்போதே குளோரி நெஞ்சை அழுத்திப் பிடித்தாளாம். தோளில் இருந்து கைவரைக்கும் இழுக்கிறது என்றாளாம். டீச்சரிடம் போய்க் கேட்டாளாம். டீச்சர் கியாஸ் என்று சொல்லி இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்தாராம். விருந்தினர் வர நேரமாகிக்கொண்டே போயிற்று. குளோரி மறுபடியும் கேட்டாள். ஆட்டோ பிடித்து நானே கொண்டுவிடுகிறேன் என்று மெஹ்ருன்னிசாவும் சொல்லிப் பார்த்தாள். முதல் மேசையே காலியாகக் கிடந்தால் வருகிறவர் என்ன நினைப்பார், இனி இரண்டு பேருக்கும் மேசை கிடையாது என்று டீச்சர் சொன்னார். குளோரி வந்து உட்கார்ந்தாள். ஊசியை எடுத்தாள்.

"மேளம் அடிச்சு அவரு உள்ள வரச்செ, என்னைப் பாத்து, நான் வீட்டுக்குப் போட்டான்னு கேட்டா. எனக்க கிட்ட கேக்கா மக்கா. நான் யாரு அவளுக்கு? போவப் பறய எனக்கு வாயில்லாமப் போச்சு."

வெள்ளத்தைக் குடிக்காமலேயே டம்ளரைத் துவைகல்லில் வைத்தாள்.

சுஜா அசையாமல் நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. மைனி கேட்டிருக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் மைனி எதையும் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்துபோய்த் தானே வெந்நீர் வைத்துக்கொண்டவள். அவள் வாய் திறந்து, போகட்டுமா என்று, சின்னப்பிள்ளை மாதிரி ஒவ்வொருத்தியிடமாகக் கேட்டிருக்கிறாளென்றால் அந்த வலி எப்படி இருந்திருக்கும்? வீட்டுக்குப் போவதற்கு ஒரு பெண் பிள்ளைக்கு உத்தரவு வேண்டியிருந்திருக்கிறது. உத்தரவு கொடுக்காதவர்கள் இப்போது மாலையோடு வந்து, பந்தலில் முன்வரிசையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணவன் ஞானசிங் பந்தல் ஓரத்தில் கல்லறைத் தோட்டத்துக் காரியம் பேசிக்கொண்டிருந்தான். அவனைத் தனியாக அழைத்துச் சொன்னாள். அவன் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"இனி அதப் பறஞ்சா அக்கா எழும்பி வருவாளா?"

"வரமாட்டா."

"பின்ன? ஆம்புலன்ஸ் வச்சு கொண்டு வந்தது அவியளாக்கும். ஐஸ் பெட்டி அவியளாக்கும். ஆளு வந்து நிக்கிற நேரத்துல சண்டை போடணுமா?"

"ஒங்க அக்கா சிரிச்சிட்டே செத்தான்னு சொல்லுகா. அதக் கேட்டுட்டு நிக்க முடியுமா உங்களால?"

டீச்சர்தான் வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறார், போதகரிடம் பேசியாயிற்று என்றான். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, அக்காளின் பீரோவில் இருந்த தொப்பிகளையும் டீச்சர் கேட்டார், இன்றைக்கும் விற்பனை இருக்கிறதல்லவா, குளோரி நினைவு மேசை என்று வைக்கப்போகிறார்களாம், அட்டைப் பெட்டியோடு எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றான்.

சுஜா அதற்குமேல் நிற்கவில்லை. பந்தலைக் கடந்து ரோட்டுக்குப் போனாள். வேனின் பின்சீட்டில் பெட்டி இருந்தது. மேல்மூடியில் மைனியின் கையெழுத்தில் 'கழுவியது' என்று எழுதியிருந்தது. இழுத்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். லுங்கியை மடித்துக்கட்டி வேனில் சாய்ந்து நின்ற டிரைவர், டீச்சர் கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டார்.

"ஆளுக்க வீட்டுல எடுத்தாச்சுன்னு சொல்லுங்க."

சாவுவீட்டுக் கூட்டத்துக்கு நடுவே பெட்டியோடு நடந்து வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். மைனியின் அறையில் கட்டிலுக்கடியில் தள்ளி, கதவைப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குள் பந்தலில் பாட்டு தொடங்கிவிட்டது.

போதகர் ஜெபித்தார். வேதம் வாசித்தார். பிறகு சொர்ணம்மாள் டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் மைக்கைப் பிடிக்கத் தெரிந்தவர். குளோரி பிறந்தது, ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னது, தாயையும் தகப்பனையும் கடைசிவரை பார்த்தது எல்லாவற்றையும் அழகாகச் சொன்னார். சொன்னதில் தப்பொன்றும் இல்லை. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சுஜாவுக்கே ஒரு கணம், இப்படியே முடித்துவிட மாட்டாரா, முடித்துவிட்டால் நானும் இருந்துவிடுவேனே என்று தோன்றியது.

"உழைப்பே தெய்வம் என்று வாழ்ந்த நம் சகோதரி," என்றார் டீச்சர், "கடைசி மூச்சு வரையில் தன்னுடைய மேசையை விட்டு எழும்பவில்லை."

சுஜா எழுந்து நின்றாள். தேவகனி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எழும்பல்ல இல்ல டீச்சர். எழும்ப விடல்ல."

குரல் பெரிதாக வரவில்லை. ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது. முன்வரிசை திரும்பியதால் பின்வரிசையும் எழுந்து பார்த்தது. சுஜா சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலயே நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருக்கா. போட்டா, போட்டான்னு கேட்டிருக்கா. பெரிய ஆளு வரணும், படம் பிடிக்கணும், அது வரைக்கும் இரின்னு இருத்தியிருக்கு. அத சொல்லி அடக்குங்க எனக்க மைனிய. இல்லைன்னா ஒண்ணும் சொல்லாம அடக்குங்க."

டீச்சர் பக்கத்தில் நின்ற போதகரிடம் மெதுவாக, "கியாஸ்னுதானே நெனச்சேன்," என்றார். மைக் கையிலேயே இருந்தது. தென்னைமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதை ரோடுவரைக்கும் சொன்னது.

ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. ஞானசிங் தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தான். அக்காள் செத்தபிறகு அவன் ஒரு முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். எழுந்து போய் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கி, போதகரிடம் கொடுத்தான். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டு எண் சொன்னார். முதல் அடி முழுவதும் அவர் ஒருவர் குரல்தான் கேட்டது.

பெட்டியை மூடும் முன் சுஜா குனிந்து கைக்குட்டையால் மைனியின் நெற்றியைத் துடைத்தாள். அங்கே வியர்வை ஒன்றுமில்லை. ஐஸ் பெட்டியின் குளிர் மட்டும் விரலில் ஒட்டியது.

தூக்குகிறவர்கள் பெட்டியைத் தோளில் ஏற்றியபோது சொர்ணம்மாள் டீச்சர் வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கூட்டமைப்புப் பெண்களைப் பார்த்து, மேசையெல்லாம் ஆளில்லாமல் கிடக்கிறது, கடை திறக்க நேரமாயிற்று, எல்லோரும் ஏறுங்கள் என்றார். டிரைவர் இஞ்சினை இயக்கினார்.

மெஹ்ருன்னிசா வேனுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து சுஜாவின் பக்கத்தில் நடக்கத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் மெழுகுவத்திக்காரி வந்தாள். ஓலைவேலை செய்கிற அம்மாவும் மருமகளும், தையல்காரியும், ஊறுகாய்க்காரியும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், வேனைச் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்தார்கள்.

"ஏய், சட்டம் தெரியும்லா?" என்றார் டீச்சர். குரல் பாதியில் உடைந்தது.

ரோடு ஒடுக்கம். வேனை உரசிக்கொண்டுதான் பெட்டி போக வேண்டியிருந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். கீழே இறங்கி, மடித்துக்கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, கதவோடு ஒட்டி நின்றுகொண்டார்.