பம்ப் போன பிறகு ஐந்து மைல்

இரண்டாம் நாள் காலை, கரை ஐந்து மைல் தள்ளி ஒரு கோடாகத் தெரிந்துகொண்டிருந்தபோது, இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

படகில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பஸ் டிப்போவில் பதினெட்டு வருஷமாக மெக்கானிக். இன்னொருத்தி அவளுடைய நாத்தனார், ஆஸ்பத்திரி நர்ஸ். படகு மெக்கானிக்கின் கணவருடையது. மூவருமாக ஒரு வாரம் கரையோரமாகச் சுற்றி வருவதாகத்தான் ஏற்பாடு. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது மனிதர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றார். லீவு கிடைத்தாகிவிட்டது, மளிகை ஏற்றியாகிவிட்டது, மெக்கானிக்கும் ஆறு மாதமாகப் படகு ஓட்டிப் பழகியிருந்தாள். பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்கள்.

இன்ஜின் நின்ற இடம்தான் வம்பாகப் போயிற்று. பாய் விரிக்கப் பொட்டுக் காற்று இல்லை. நீரோட்டம் படகைக் கப்பல் பாதைக்குள் இழுத்துவிட்டது. ஒரு பக்கம் சிவப்பு மிதவைகள், இன்னொரு பக்கம் பச்சை மிதவைகள், நடுவில் இவர்கள். தூரத்தில் சரக்குக் கப்பல் ஒன்று, ஒரு தெருவே எழுந்து நடந்து வருவதுபோல வந்துகொண்டிருந்தது.

நர்ஸ் வயர்லெஸ்ஸில் துறைமுகத்தைப் பிடித்தாள். இழுவைப் படகு வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள். கப்பல் அரைமணியில் அங்கே இருக்கும். வேகத்தைக் குறைக்கச் சொல்கிறோம், ஆனால் அந்தக் குறுகிய பாதையில் அது ஒதுங்க முடியாது, நீங்கள்தான் நகர வேண்டும் என்றார்கள். நங்கூரம் போட்டால் நடுப்பாதையில் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும்.

மெக்கானிக் அதற்குள் இன்ஜின் மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டிருந்தாள். ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, டீசல் பம்பின் நெம்புகோலைக் கையால் அடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. பம்பைப் பிரித்தாள். உள்ளே இருந்த ரப்பர் சவ்வு வாயைப் பிளந்துகொண்டு கிழிந்து கிடந்தது. மாற்றுச் சவ்வு படகில் இல்லை. டிப்போவாக இருந்தால் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருப்பாள்.

“அண்ணி, அந்த பம்ப் என்ன வேலை பண்ணுது?” என்று கேட்டாள் நர்ஸ்.

“கீழ டாங்க்ல இருக்கற டீசலை மேல இன்ஜினுக்கு ஏத்தும்.”

“ஏத்தறது மட்டும்தானா? அப்ப டீசலை நாமளே மேல தூக்கி வச்சுட்டா? ட்ரிப்ஸ் பாட்டில் மாதிரி?”

மெக்கானிக் கையில் ஸ்பானரோடு அவளை அப்படியே பார்த்தாள். பிறகு நாத்தனாரின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கருப்புக் கறை ஒட்டியதைக்கூடக் கவனிக்காமல், அலமாரியைத் திறந்து உபரி டீசல் கேனை இழுத்தாள்.

குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் குழாயை உருவினார்கள். உள்ளே ஒரு துளித் தண்ணீர் இருந்தாலும் காரியம் கெட்டுவிடும் என்று மெக்கானிக் சொன்னதால், நர்ஸ் அதை ஊதி, சுழற்றி வீசி, மறுபடி ஊதினாள். கேனை அறைக்கூரைமேல் ஏற்றிக் குழாயின் ஒரு முனையை அதற்குள் விட்டார்கள். மறுமுனையை மெக்கானிக் வாயில் வைத்து உறிஞ்சினாள். அவள் காறித் துப்ப, நர்ஸ் வார்டில் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டே குழாயைக் கிள்ளிப் பிடித்தாள்.

குழாயை ஃபில்டரில் மாட்டியதும் திருகின் வழியாக நுரை நுரையாக வந்தது. காற்றுக் குமிழி முழுக்கப் போகும்வரை மூடக் கூடாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்திக்கு பஸ்ஸிலிருந்து, இன்னொருத்திக்கு நோயாளியின் கையிலிருந்து. நுரை அடங்கித் தெளிவாக ஒழுகியது. மெக்கானிக் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் இல்லை. கப்பலின் மூக்கில் இருந்த துருவின் நிறம் இப்போது தெரிந்தது.

பாட்டரி இன்னும் ஒரு தடவைக்குத் தாங்கினால் பெரிது. மெக்கானிக் மறுபடி குனிந்தாள். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாஸிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, சாவியைத் திருப்பச் சொன்னாள். நர்ஸ் திருப்பினாள். புஸ்ஸென்று காற்று கக்கியது, பின்னாலேயே டீசல் பீய்ச்சியது. நட்டை இறுக்கிய அந்த நொடியில் இன்ஜின் தடதடவென்று பிடித்துக்கொண்டது.

“கேன்!” என்றாள் மெக்கானிக், சுக்கானுக்குப் பாய்ந்தபடி.

நர்ஸ் ஒரே தாவில் கூரையில் ஏறிக் கேனைக் கட்டிக்கொண்டாள். படகு சிவப்பு மிதவையைத் தாண்டி வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கப்பல் வானத்தை மறைத்துக்கொண்டு கடந்து போனது. அதன் அலை படகைத் தூக்கிப் போட்டது. கேன் சாய்ந்தது, அவளும் கூடவே சாய்ந்தாள், குழாயை மட்டும் விடவில்லை. மேல்தளத்திலிருந்து யாரோ கை காட்டினார்கள். கையை எடுக்க முடியாமல் அவள் காலை ஆட்டினாள். கீழே மெக்கானிக் சிரித்த சிரிப்பில் படகு வளைந்து வளைந்து போயிற்று.

இழுவைப் படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றேகால் மணி நேரம் அப்படியே ஓட்டினார்கள். கேன் குறையக் குறைய டாங்க்கிலிருந்து மொண்டு ஊற்றினார்கள். துறைமுகத்துக்குள் நுழைந்தபோது நர்ஸின் தோள் மரத்துப் போயிருந்தது. படித்துறையில் நின்றவர்கள் கூரைமேல் கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை வேடிக்கை பார்த்தார்கள்.

போனில் மெக்கானிக்கின் கணவர் பதறினார். கார் அனுப்புகிறேன், இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து சேருங்கள் என்றார். கடையில் புதுச் சவ்வு கிடைத்துவிட்டது, மாலைக்குள் மாட்டிவிடுவேன் என்றாள் மனைவி. அவர் தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அவளாவது புத்தியோடு பேசுவாள் என்று நினைத்திருப்பார்.

“அண்ணா, நாளைக்குக் காலையில சீக்கிரமே கிளம்பறோம்” என்றாள் நர்ஸ். “நாளைக்கு நான்தான் ஓட்டப் போறேன்.”