கை எட்டாத இடம்

இலந்தை இலை போட்ட வெந்நீரை இறக்கியதும், ரமீஜா திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். விடியற்காலையில் மௌத்தான அவள் புருஷன் அன்வருதீன் உள்ளே பலகையில் கிடந்தார்.

“ஆம்பளைங்க நாங்க குளிப்பாட்டுறோம் அண்ணி. நீங்க போயி உக்காருங்க,” என்றான் கொழுந்தன் ஸைத்.

“பொண்டாட்டி குளிப்பாட்டலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. நான்தான் செய்வேன்.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த நிர்மலாவின் காதில் விழட்டும் என்றுதான் அதைச் சத்தமாகச் சொன்னாள். ரெட்டியார்பாளையம் டைல்ஸ் கடையில் அன்வருதீனோடு வேலை பார்த்தவள் நிர்மலா.

போன வருஷம் ஒருநாள் அவர் பனியனைக் கழற்றும்போது பார்த்தாள், முதுகில் நகக்கீறல். படையில்லை, தடிப்பில்லை, வெறும் கீறல். வேறொருத்தியின் நகம் என்று ரமீஜா முடிவு கட்டினாள். அப்புறம் எல்லாமே பொருந்தி வந்தது: ரெண்டு வேளைக் குளியல், வாசனையாய் ஏதோ லோஷன், ராத்திரியில் தனிப்பாய். கேட்டால் அரிக்கிறதாம், அரிப்பு! “எந்தச் சிறுக்கி நகம்?” என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அவள் முன்னால் சட்டையைக் கழற்றவேயில்லை. ஆஸ்பத்திரியில்கூடத் தம்பியைத்தான் துடைத்துவிடச் சொன்னார்.

சட்டையில் ரத்தப்பொட்டைப் பார்த்துத் தோல் டாக்டரிடம் போகச்சொல்லி நச்சரித்தவள் நிர்மலா. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருந்ததைத் தடவிப் பார்த்த டாக்டர், இது தோல் வியாதியில்லை என்றார். நிணநீரில் புற்றாம், அரிப்புதான் அதற்கு முதல் அடையாளமாம். வேறொருத்தி இல்லை என்று தெரிந்த பிறகும் ரமீஜாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தன்னிடம் மறைத்ததை அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாரே மனுஷன்.

இப்போது திரையை விட்டு, கூடத்தில் இருந்த நிர்மலாவிடமே நேராகப் போனாள்.

“அவரு முதுக நீ பாத்திருக்கியா?”

நிர்மலா எழுந்து நின்றாள்.

“ஒரு தடவக்கா. கை எட்டலன்னு என்னாண்ட மருந்து தடவச் சொன்னாரு. ஒங்களக் கேக்க பயமா இருக்குன்னாரு.”

ரமீஜா திரையை விலக்கி உள்ளே போனாள்.

ஸைத் உடம்பை ஒருக்களித்துப் பிடித்தான். தோளிலும் இடுப்பிலும் கீறலுக்குமேல் கீறல், கறுத்துப்போய்க் கிடந்தது. நடு முதுகில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் கை எட்டாத இடம் அது. வேறு யார் கையாக இருந்தாலும் எட்டியிருக்கும்.

குளிப்பாட்டுவதற்காகக் கையில் சுற்றியிருந்த துணியை ரமீஜா அவிழ்த்தாள்.

“தண்ணி ஊத்து தம்பி.”

ஸைத் ஊற்றினான். அவள் அந்த இடத்தில் விரல்களை வைத்து, மெதுவாகச் சொறிந்துவிட்டாள்.