வெளிக்கடலுக்குப் போகாதவை

...ஆனால் ஏன் அவை வேறு கடலுக்குப் போவதில்லை, வழி திறந்துதானே கிடக்கிறது... சாரதா தொட்டிலை ஆட்டினாள், எஸ்டேட்டின் ஆயாக் கொட்டகையில் இப்போது இந்த ஒரு தொட்டில்தான், கொழுந்து பறிக்கப் போயிருக்கும் ரஞ்சிதத்தின் குழந்தை, மற்ற பிள்ளைகளெல்லாம் பெற்றவர்களோடு கீழே டவுனுக்குக் குடிபோய்விட்டன. நேற்றுச் சாயங்காலம் மண்டபத்து டிவியில் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, ஏதோ குளிர்நாட்டுக் கடலோரம், பால்வெள்ளையாகத் திமிங்கிலங்கள், ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாக இருந்தவையாம், இப்போது கொஞ்சம்தான் மிச்சம், வெளியே சொந்த இனம் எவ்வளவோ இருந்தும் இவை போய்ச் சேர்வதில்லை, அங்கிருந்து எதுவும் இங்கே வருவதுமில்லை, குட்டிகளும் குறைந்துவிட்டன என்று மலாய் மொழியில் சொன்னார்கள். லோரி ஓட்டும் இருளப்பன், "அம்மாம் பெரிய கடல் கெடக்கு, வேற எடத்துக்குப் போனா என்னா லா?" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தாய் செத்த குட்டியை முதுகில் தாங்கிக்கொண்டே நீந்தியது... எவ்வளவு தூரம் தாங்கும், போதும் என்று அதனிடம் யார் சொல்வார்கள்? தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் அவளிடம் புருஷன் சாம்பசிவம் சொன்னார், குடு சாரதா, போதும் என்று செத்த பிள்ளையைச் சுற்றிய துணிப்பொட்டலத்தை வாங்கிக்கொண்டார், மறுவருஷமே வேலை பெர்மிட் இல்லையென்று இந்தியாவுக்குக் கப்பலேறியவர், கூப்பிடுகிறேன் என்றார், கூப்பிடவில்லை.

ரஞ்சிதம் மழையில் நனைந்து வந்து நின்றாள். "அக்கா, கிள்ளான்ல அவருக்கு பேக்டரில வேலை கெடச்சிருச்சு, சனிக்கெழம போறோம்." குழந்தையை எடுத்துத் தோளில் போட்டாள். "நீங்களும் வாங்களேன்க்கா. வீட்ல எடம் இருக்கு. இவளுக்கும் ஒங்கள விட்டா யாரத் தெரியும்?"

"நான் எங்கடி வர்றது, நீ போ."

வாய் முந்திக்கொண்டது. ரஞ்சிதம் குழந்தையோடு இறங்கிப் போனாள், தேயிலை வரிசைகளுக்கிடையில் பனி அவளை மூடியது, குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. பிள்ளையைப் புதைத்த இடம் இங்கே இருக்கிறதே, அதை விட்டு எப்படிப் போவது... அதுதானே காரணம்? ஆனால் அந்தப் பக்கம் போய் எத்தனை காலம், இப்போது யாராவது காட்டு என்றால் எந்த மேடென்று காட்டத் தெரியுமா? தெரியாது. அப்படியானால் இத்தனை வருஷமும் எதை விட்டுப் போகாமல் இருந்தேன்... குழந்தையின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, இங்கிருந்து கூப்பிட்டால் ரஞ்சிதத்துக்கும் கேட்கும்.